ஓரத்தில் ஒரு தோள்

கடலூர் முதுநகரில் துறைமுகத்துக்குப் போகும் சாலையில் ஒரு ஐஸ் பேக்டரி இருந்தது. கீழே ஐஸ் உடைப்பார்கள். மாடியில் ஜெசிந்தா டீச்சர் புகைப்படம் எடுக்கச் சொல்லிக்கொடுப்பார். கீழே மெஷின் ஓடும்போது மேலே தரை லேசாக நடுங்கும். புதிதாகச் சேர்ந்தவர்கள் முதல் நாள் படிக்கட்டுப் பக்கம் பார்ப்பார்கள்.

"நல்லதுதான். கேமராவை எப்படிப் பிடிக்கணும்னு தானா வந்துடும்" என்பார் டீச்சர்.

டீச்சர் இரண்டு விஷயங்களில் பிடிவாதக்காரர். அலமாரியில் இருந்த படப் புத்தகங்களில், எடுத்தவர் பெயர் வரும் இடத்தில் எல்லாம் பழுப்புத் தாளை ஒட்டி மறைத்திருந்தார். பெயர் தெரிந்துவிட்டால் கண் தூங்கப் போய்விடும் என்பது அவர் கட்சி. ஆனால் பெயரே இல்லாமல் ஒரு ஆளைப் பற்றி எப்படிப் பேசுவது? மாணவர்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். மழையையும் குடைகளையும் விடாமல் துரத்திய ஒருவர் குடைக்காரர் ஆனார். யார் முகத்தையும் எடுக்காமல் முதுகுகளாகவே எடுத்துத் தள்ளிய அம்மாளுக்கு முதுகம்மா என்று பெயர். எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் கரண்ட் போனது போலவே இருட்டாகப் படம் எடுத்தவர் ஈ.பி. தாத்தா. வெளியில் எங்கோ அவர்களுக்கெல்லாம் பெரிய பெரிய பெயர்கள் இருக்கும். ஐஸ் பேக்டரி மாடியில் இதுதான்.

இன்னொரு பிடிவாதம், கம்ப்யூட்டரில் படத்தின் ஓரத்தை வெட்டக் கூடாது. எடுத்தது எடுத்தபடி முழுசாகப் பிரிண்ட் போட வேண்டும். ஓரம் பிடிக்கவில்லையா, நடுவில் கிடக்கும் பெரிய மேஜையில் எல்லார் முன்னாலும் வைத்து, ஸ்கேல் பிடித்து, கத்தியால் வெட்டிக்கொள்ளலாம்.

"வெட்டறதுல தப்பில்ல. வெட்டறோம்னு கைக்குத் தெரியணும்" என்பார்.

அந்த வகுப்பில் கலியமூர்த்தி என்று ஒருவன் படித்தான். டீச்சரைவிட அவன் நாலைந்து வயது பெரியவன். மற்ற மாணவர்கள் எல்லாம் அவனை அண்ணன் என்று கூப்பிட்டார்கள். திருவிழா மேடைகளில் மிமிக்ரி செய்கிறவன். ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு அம்மாள் அவன் தொண்டைக்குள் குடியிருந்தாள். மீன் ஏலம் போடுகிறவர், இரண்டாவது கியரில் மேடு ஏறும் மொபெட், விசில் வராத குக்கர், கவுன்சிலர் மைக்கைப் பிடிப்பதற்கு முன் இருமும் இருமல், எல்லாம் உள்ளே இருந்தன. ஒரு நாள் படிக்கட்டு மறைவில் நின்றுகொண்டு டீச்சர் குரலில், இன்றைக்கு வகுப்பு இல்லை, எல்லாரும் வீட்டுக்குக் கிளம்பலாம் என்று சொன்னான். பாதிப் பேர் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார்கள். பாதிப் படியில் டீச்சர் எதிரே ஏறி வந்தார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். நீங்கள்தானே போகச் சொன்னீர்கள் என்றார்கள்.

டீச்சர் கோபித்துக்கொள்ளவில்லை. கலியமூர்த்தியை அதை இன்னொரு தடவை செய்யச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"நான் இவ்வளவு மூக்கால பேசறேனா?" என்றார்.

அவ்வளவுதான். பாடம் ஆரம்பித்துவிட்டார்.

கலியமூர்த்திக்கு ஒரு கெடு இருந்தது. பண்ருட்டியில் அவன் அக்கா புருஷன் கல்யாண வீடியோ ஸ்டூடியோ வைத்திருந்தார். தை பிறந்தால் முகூர்த்தம் குவியும், ஆள் போதாது. போன் போட்டால் அவர் ஒரே பாட்டைத்தான் பாடுவார். அந்தப் பாட்டைக் கலியமூர்த்தி மேஜையில் அப்படியே பாடிக் காட்டுவான்: என்ன மச்சான், குடையைப் படம் எடுத்து எந்தக் குடையில நிக்கப் போறே, தைக்குள்ள உனக்குன்னு ஒரு வழி கிடைச்சா போ, நான் குறுக்க நிக்க மாட்டேன், கிடைக்கலைன்னா பேசாம இங்க வந்துடு, இருட்டுல நிக்கற மாமியாரைப் பளிச்சுன்னு எடுக்கக் கத்துக்கோ. எல்லாரும் சிரிப்பார்கள். சிரித்து முடித்த பிறகு கலியமூர்த்தி மட்டும் கொஞ்ச நேரம் ஸ்கேலை உருட்டிக்கொண்டிருப்பான்.

படிப்பில் அவனைப் போல உழைத்தவர் அங்கே யாரும் இல்லை. டீச்சர் எந்தப் படத்தைக் காட்டினாலும் கேட்கும் கேள்வி ஒன்றுதான். எடுத்தவர் கால் எங்கே இருந்தது? லென்ஸ் கேட்க மாட்டார், வெளிச்சம் கேட்க மாட்டார். கலியமூர்த்தி எழுந்து அந்த மாதிரியே நின்று காட்டுவான். தேவைப்பட்டால் மண்டி போடுவான். தரையில் கன்னத்தை வைத்துப் படுப்பான். குடைக்காரருக்கு முட்டி வலி, ஆள் குனியவே மாட்டார் என்று கண்டுபிடித்தது அவன்தான். முதுகம்மா நடந்துகொண்டேதான் எடுப்பாள், நின்றால் அவள் முதுகு வேறு யாருக்காவது கிடைத்துவிடும் என்ற பயம். ஈ.பி. தாத்தா எடுத்து முடித்த பிறகும் அதே இடத்தில் நின்றிருப்பார், கிளம்பும் அவசரம் அந்த ஆளுக்குக் கிடையாது. இதெல்லாம் வெறும் படத்தைப் பார்த்தே சொல்வான். டீச்சர் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு வாரம் கலியமூர்த்தியைக் காணவில்லை. திரும்பி வந்தவன் யாரும் பார்க்காத நேரத்தில், வகுப்புக்காக டீச்சர் எடுத்து வைத்திருந்த படங்களின் நடுவே சில படங்களைச் செருகிவிட்டான். அன்று வகுப்பு முழுக்கக் குடைக்காரரைப் பற்றித்தான் பேச்சு. ஒரு படத்தில் காற்றில் மடிந்துபோன குடைக்குள்ளிருந்து ஒரு கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதை வைத்து எல்லாரும் ரொம்ப நேரம் பேசினார்கள். பிரகாசம் என்ற பையன், குடைக்காரர் வாழ்க்கையில் ஏதோ பெரிய துக்கம் நடந்திருக்கிறது என்றான்.

அதுவரை அடக்கிக்கொண்டிருந்த கலியமூர்த்தி மேஜைக்கு அடியில் குனிந்து சிரித்துவிட்டான்.

டீச்சர் அந்தப் படத்தை எடுத்து ஜன்னல் பக்கம் கொண்டுபோய் நிதானமாகப் பார்த்தார்.

"நல்ல குடைக்காரர் படம். குடைக்காரரோட சில படத்தைவிட நல்லா இருக்கு" என்றார்.

"பஸ் ஸ்டாண்டு பின்பக்கம் டீச்சர், போன செவ்வாய்க்கிழமை" என்றான் கலியமூர்த்தி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

"முட்டி வலிச்சுதா?"

"நிஜமாவே வலிச்சுது."

டீச்சர் சிரித்தார். படத்தை அவனிடமே திருப்பிக் கொடுத்தார். அப்புறம், அவசரமில்லாத ஒரு விஷயத்தைச் சொல்வது போல, சென்னையிலிருந்து ஒரு அம்மாள் வரப்போகிறார் என்று எல்லாருக்கும் சொன்னார். படங்களுக்கென்றே ஒரு கூடம் நடத்துகிறவர். இந்த மாடியிலேயே ஆளுக்கொரு சுவர் கொடுக்கப்படும். அவரவர் படங்களை மாட்டலாம். ஒருவரைத் தேர்ந்தெடுத்து ஒரு வருஷம் சென்னையில் தங்க இடமும் சாப்பாடும் கொடுத்து, படம் மட்டும் எடு என்று விட்டுவிடுவார். வரும் ஞாயிற்றுக்கிழமை வருகிறார்.

தைக்குள் ஒரு வழி என்றால் இதுதான் வழி என்று கலியமூர்த்திக்குப் புரிந்தது. வேறு எதுவும் வரப்போவதில்லை என்றும் புரிந்தது.

மறுநாள் எல்லாருக்கும் முன்னால் வந்து, அத்தனை நாள் எடுத்த படங்களையும் தரையில் பரப்பினான். நடக்க இடம் இல்லை. எது என் சுவருக்கு என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தான். இது குடைக்காரருடையது. அந்தப் பக்கம் வைத்தான். இது முதுகம்மா. இது ஈ.பி. தாத்தா. இது கண்ணாடியில் தெரிவதை மட்டுமே எடுக்கும் கண்ணாடிக்காரர். வெயில் ஏற ஏறக் குவியல்கள் உயர்ந்தன. தரை காலியானது. கடைசிப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு எந்தக் குவியல் என்று யோசித்தான். அதற்கும் இடம் கிடைத்துவிட்டது.

டீச்சர் வந்தபோது அவன் காலியான தரையின் நடுவில் உட்கார்ந்திருந்தான்.

"எல்லாரும் வந்துட்டாங்க டீச்சர். நான் மட்டும் வரல" என்றான்.

அது யார் குரலும் இல்லாத குரல். டீச்சர் அதைக் கவனித்தாரோ என்னவோ. செருப்பைக் கழற்றிவிட்டுக் குவியல்களைச் சுற்றி நடந்து போய் ஜன்னலைத் திறந்தார்.

அன்று வகுப்பில் டீச்சர் ஒரு பயிற்சி கொடுத்தார். இதுவரை குடைக்காரர் மாதிரி எடுத்தாயிற்று, முதுகம்மா மாதிரி எடுத்தாயிற்று. வியாழக்கிழமைக்கு ஆளுக்கொரு படம், கலியமூர்த்தி எடுப்பது போல எடுத்துக்கொண்டு வர வேண்டும். கலியமூர்த்தி மட்டும் எடுக்க வேண்டாம்.

கலியமூர்த்திக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சம் கசப்பான சிரிப்பு. இல்லாத ஆளை எப்படி எடுப்பார்கள் என்று கேட்டான். என் மாதிரி என்றால் என்ன மாதிரி, எனக்கே தெரியாதே என்றான்.

பிரகாசம் பவ்யமாகக் கை தூக்கினான்.

"தோள்பட்டைக்காரர் மாதிரியா டீச்சர்?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த நஸ்ரின் மேஜைக்கு அடியில் அவன் காலை மிதித்தாள். நஸ்ரின் அந்த வகுப்பிலேயே வாய்த்துடுக்கு. அவளே மிதிக்கிறாள் என்றால் விஷயம் பெரியது.

"யாரு அது தோள்பட்டைக்காரர்?" என்றான் கலியமூர்த்தி.

பிரகாசம் குனிந்து மிதிபட்ட காலைத் தடவிக்கொண்டான்.

வியாழக்கிழமை படங்கள் மேஜைக்கு வந்தன. கலியமூர்த்தி கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தான். முதல் படம் ஒரு சலூன். கண்ணாடியில் சோப்பு நுரையோடு ஒரு முகம். ஆனால் இந்தப் பக்கம், ஓரத்தில், யாரோ ஒருவரின் தோளும் பாதிக் காதும் மங்கலாக வந்து நின்றன. காத்திருக்கிற ஆள் போலிருக்கிறது. அடுத்தது தெருக்கூத்து மேடை. அதிலும் வேஷக்காரருக்கு முன்னால் ஒரு துண்டு போட்ட தோள். அடுத்தது மீன் ஏலம். ஒரு பருத்த தோள், ஏலக்காரரின் பாதியை விழுங்கியிருந்தது. நஸ்ரின் எடுத்தது ஒரு பள்ளிக்கூட வாசல். மணி அடித்துப் பிள்ளைகள் ஓடி வருகிறார்கள். கேமராவுக்கு முன்னால் ஒரு அம்மாவின் தோள், அதில் தண்ணீர் பாட்டில் வைத்த பை.

எல்லாமே ஒரே ஆள் எடுத்தது போல இருந்தன.

கலியமூர்த்தி மேடையில் எத்தனையோ பேரை அவர்கள் எதிரிலேயே செய்து காட்டியிருக்கிறான். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற அந்த ஆள், எல்லாரும் சிரிக்கும்போது, தானும் சிரிக்க வேண்டுமே என்று ஒரு சிரிப்பு சிரிப்பார். அந்தச் சிரிப்பை மட்டும் அவனால் ஒரு நாளும் சரியாகச் செய்ய முடிந்ததில்லை. இப்போது அது அவன் முகத்தில் தானாக வந்திருந்தது.

"இது தப்புங்க டீச்சர். எங்க போனாலும் எவனாவது ஓரத்துல வந்து நின்னுடறான். நான்தான் வெட்டிடறேனே" என்றான்.

"வெட்டறதுக்கு முன்னாடி நாங்க பாத்துடுவோமே அண்ணா. மேஜை ஒண்ணுதானே" என்றாள் நஸ்ரின்.

அவள் குரலில் கிண்டல் இல்லை. அது அவனை இன்னும் கஷ்டப்படுத்தியது.

வீட்டுக்குப் போய் வெட்டாத படங்களைக் கம்ப்யூட்டரில் வரிசையாகத் திறந்தான். குடைக்காரர் போல எடுத்ததில் குடைக்கு இந்தப் பக்கம் ஒரு நனைந்த தோள். ஈ.பி. தாத்தா போல எடுத்த இருட்டில் அதைவிட இருட்டாக ஒரு தோள். முதுகம்மா போல எடுத்த முதுகுக்கு முன்னால் கூட இன்னொரு முதுகு. ஒன்றுகூடத் தப்பவில்லை. கலியமூர்த்தி முதலில் தலையில் கை வைத்துக்கொண்டான். பிறகு மெல்ல மெல்ல அவனுக்கு உற்சாகம் வந்தது. ஆக, நான் என்று ஒரு ஆள் இருக்கிறான். ஆளைத் தெரிந்துவிட்டது. தெரிந்த ஆளைச் செய்வதுதானே நமக்குத் தொழில்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் ஆறுமுகத்தைக் கூப்பிட்டுக்கொண்டு கிளம்பினான். ஆறுமுகம் அவனோடு மேடையில் டோலக் வாசிக்கிறவன். கதவு போலத் தோள் உள்ளவன். உப்பனாற்றுப் பாலம், கோயில் குளம், மார்க்கெட், ரயில்வே கேட். எங்கே நிறுத்த வேண்டும் என்று கலியமூர்த்திக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது. ஓரத்தில் எவ்வளவு தோள், எவ்வளவு காது, எவ்வளவு மங்கல். சாயங்காலம் பிரிண்ட் போட்டான். கத்தியைத் தொடவே இல்லை. தன் சுவர் முழுக்க மாட்டிவிட்டுத் தூரத்தில் நின்று பார்த்தான். அடக்கமாகச் சொன்னாலும் பிரமாதமாக இருந்தது.

சனிக்கிழமை காலை டீச்சர் வந்தார். மற்றவர்கள் இன்னும் வரவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டே போனார்.

"இதெல்லாம் யார் எடுத்தது?"

"நான்தான் டீச்சர்."

"நல்லா வந்திருக்கு. கலியமூர்த்தியை அப்படியே பண்ணியிருக்கீங்க."

கலியமூர்த்தி சுவரைப் பார்த்தான், டீச்சரைப் பார்த்தான்.

"நானே கலியமூர்த்திதானே டீச்சர்?"

"அதான் அப்படியே வந்திருக்கு."

அவன் பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். அடுத்தவர் மாதிரி எடுத்தால் அது அடுத்தவருடையது, என் மாதிரி எடுத்தால் அது மிமிக்ரியா, பிறகு நாளைக்கு இந்தச் சுவரில் எதைத்தான் மாட்டுவது என்று கேட்டான். பேசப் பேசக் குரல் பண்ருட்டி மாமாவின் குரல் போல ஆனது. அதைக் கேட்டு அவனே நிறுத்திக்கொண்டான்.

டீச்சர் சுவரில் இருந்த ஒரு படத்தைக் காட்டினார்.

"இந்தத் தோள் யாரோடது?"

"ஆறுமுகத்தோடது."

"இது?"

"எல்லாமே ஆறுமுகம்தான் டீச்சர். சட்டையை மட்டும் மாத்தி மாத்திப் போடச் சொன்னேன்."

"ரயில்வே கேட்டுல அவரு என்ன பாக்கறாரு?"

"ஒண்ணும் பாக்கல. பிரியாணி வாங்கித் தர்றேன்னு சொல்லியிருந்தேன். அதை நினைச்சுக்கிட்டு இருந்திருப்பான்."

டீச்சர் மேஜைக்குப் போனார். அவனுடைய பழைய படங்களில், எப்படியோ வெட்டாமல் தப்பிய ஒன்று அடியில் கிடந்தது. அதை எடுத்து வந்து அவன் மடியில் வைத்தார். துறைமுகம். கடல் வெளிறிக் கிடந்தது. தூரத்தில் படகுகள் வந்துகொண்டிருந்தன. இடது ஓரத்தை முழுக்க ஒரு பெண்ணின் தோள் அடைத்திருந்தது. முந்தானையை இழுத்துப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் தெளிவாகத் தெரிந்தன.

"இவங்க?"

"இவங்க புருஷன் படகு மட்டும் வரல டீச்சர். மத்ததெல்லாம் வந்துக்கிட்டே இருக்கு. அப்புறம் வந்துடுச்சு, கடைசியா. அதுக்குள்ள எனக்கே வேர்த்துடுச்சு."

"படகை நல்லா மறைக்கறாங்களே. நகரச் சொல்லியிருக்கலாம்."

"எப்படிச் சொல்றது டீச்சர்?" என்றான் கலியமூர்த்தி. "அவங்க பாத்துக்கிட்டு இருந்தாங்க."

கலியமூர்த்தி மடியில் இருந்த படத்தைக் குனிந்து பார்த்தான். பிறகு எழுந்து போய் வகுப்புக் கம்ப்யூட்டரைத் திறந்து, அதிலும் இருந்த வெட்டாத படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தான். டீச்சர் கேட்கவில்லை. அவனாகவே சொன்னான். இவர் பெண்ணை வழியனுப்ப வந்தவர், பஸ் கிளம்பின பிறகும் போகவில்லை. இந்தக் கிழவர் சைக்கிள் வைத்திருந்த இடத்தில் மழைத் தண்ணீர் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஓடிப் போய் எடுக்கவும் இல்லை. இந்தப் பெண்ணுக்குக் கூத்து வசனம் அத்தனையும் மனப்பாடம், வேஷக்காரருக்கு ஒரு நொடி முன்னாலேயே உதடு அசையும்.

சொல்லிக்கொண்டே வந்தவன் நடுவில் நின்றுவிட்டான். ஒவ்வொரு தோளுக்கும் ஒரு ஆள் இருந்தது. ஒருவரைக்கூட அவன் மறக்கவில்லை.

மத்தியானத்துக்குள் ஆறுமுகம் சுவரிலிருந்து இறங்கினான். சாயங்காலம் துறைமுகப் பெண்ணும் சைக்கிள் கிழவரும் மற்றவர்களும் ஏறினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சென்னை அம்மாள் வந்தார். கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். தரை நடுங்கியபோது ஒரு நிமிஷம் சுவரைப் பிடித்துக்கொண்டார். பிறகு மெஷின் என்று தெரிந்ததும் சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தார். அதிகம் பேசவில்லை. கலியமூர்த்தியின் சுவருக்கு முன்னால் வந்ததும் நின்றார். துறைமுகப் படத்தைப் பார்த்தவர் தலையை வலது பக்கம் சாய்த்தார். இன்னும் கொஞ்சம் சாய்த்தார். அந்தப் பெண்ணின் தோளைத் தாண்டி எட்டிப் பார்ப்பது போல ஒரு காலைப் பக்கவாட்டில் எடுத்து வைத்தார். அதற்குள் தான் என்ன செய்கிறோம் என்று தெரிந்துவிட்டது போல. யாராவது பார்த்தார்களா என்று திரும்பினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து பார்த்தார்.

கலியமூர்த்தி அவருடைய காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

டீ குடித்து முடித்ததும் அம்மாள் முடிவைச் சொன்னார். நஸ்ரின். நஸ்ரின் ஒரு வருஷமாகத் தன் வீட்டுச் சமையலறை ஜன்னலை மட்டுமே எடுத்திருந்தாள். அவள் உம்மாவின் கை சில படங்களில் இருக்கும், சில படங்களில் இருக்காது. எல்லாரும் கை தட்டினார்கள். வாயடைத்துப்போய் நஸ்ரின் நின்றது அன்றைக்கு மட்டும்தான். கலியமூர்த்தி ரயில்வே அம்மாள் குரலில், கடலூரிலிருந்து சென்னை வரை செல்லும் நஸ்ரின் விரைவு வண்டி இன்னும் சற்று நேரத்தில் அழப் போகிறது என்று அறிவித்தான். அவள் சிரித்துக்கொண்டே அழுதாள்.

எல்லாரும் போன பிறகு அவன் தன் சுவரில் இருந்த படங்களைக் கழற்ற ஆரம்பித்தான். டீச்சர் வந்து மறுமுனையிலிருந்து கழற்றினார். கீழே மெஷினை நிறுத்திவிட்டார்கள். தரை அசையாமல் கிடந்தது.

"அந்தம்மா தலையைச் சாய்ச்சாங்க. பாத்தீங்களா டீச்சர்?"

"பாத்தேன்."

"காலைக்கூட நகர்த்தினாங்க."

"ஆமா."

இரண்டு பேரும் ஆணிகளைப் பிடுங்கினார்கள்.

நாளைக்குப் பண்ருட்டி கிளம்புவதாகச் சொன்னான். மாமாவுக்குப் போன் பண்ணியாயிற்று. அவர் குத்திக்காட்டவில்லை, சீக்கிரம் வா மச்சான் என்று மட்டும் சொன்னார், அதுதான் தாங்க முடியவில்லை என்றான். வகுப்புக்கு இனி வர முடியாது. தை வரை காத்திருக்க முடியாது, இந்த மாதமே வளர்பிறை முகூர்த்தம் ஒன்றுகூட விடாமல் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

"என்ன ஒண்ணுன்னா டீச்சர், கல்யாண வீட்டுல பொண்ணு மாப்பிள்ளையைத்தான் எடுக்கணும். முன்னாடி நிக்கற கூட்டத்தை ஒதுக்கறதுதான் பாதி வேலை. மாமா அதுக்குன்னே ஒரு குரல் வச்சிருக்காரு. நகருங்க, நகருங்கன்னு. இனிமே என் தொண்டையில அது ஒண்ணுதான் இருக்கப்போகுது."

டீச்சர் கழற்றிய படங்களை அடுக்கி ஓரத்தைத் தட்டிச் சரிசெய்தார்.

"அவ்வளவு கூட்டமா நிக்கும்?"

"நிக்காம? தாலி கட்டற நேரத்துல மொத்த மண்டபமும் எழுந்து மணவறைக்கு முன்னாடி வந்துடும். ஒரு ஆள் உக்கார மாட்டாங்க. எதுவுமே தெரியாது, தோளும் தலையுமாத்தான் இருக்கும்."

டீச்சர் படங்களை அவன் கையில் கொடுத்தார்.

"ஒரு முகூர்த்தத்துக்கு நானும் வரட்டுமா?" என்றார். "உங்களுக்குப் பின்னாடி நின்னுக்கறேன்."